பாட்டிலை அறுக்கும் புரதம்

ஏற்காட்டுக் காப்பி இலையைத் தடவினால் வழுவழுவென்று இருக்கும். அந்த மேல்தோலில் க்யூட்டின் என்ற இயற்கைப் பாலியெஸ்டர் இருக்கிறது. அதை உடைக்கும் நொதி க்யூட்டினேஸ். சேலத்தில் என் முதுகலை மாணவர்களுக்குப் பாட்டில் பிளாஸ்டிக்கை அறுக்கும் பீட்டேஸ் என்ற புரதத்தை இங்கிருந்துதான் தொடங்குவேன்.

ஜப்பானின் சகாய் நகரில் கண்டெடுத்த இடியோனெல்லா சகாயென்சிஸ் என்ற பாக்டீரியா, க்யூட்டினைப் போலவே பாலியெஸ்டரான பெட் (PET) பிளாஸ்டிக்கை உண்கிறது என்று 2016இல் தெரிந்தது. அதன் பீட்டேஸ் நொதியின் படிக அமைப்பு, அதாவது அதன் அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்ற வரைபடம், 2018இல் 0.92 ஆங்ஸ்ட்ராம் (ஒரு மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்குதான் ஓர் ஆங்ஸ்ட்ராம்) நுணுக்கத்தில் வெளியானது. இரு கார்பன் அணுக்களுக்கு இடையிலான ஒற்றைப் பிணைப்பே 1.54 ஆங்ஸ்ட்ராம் என்றால், எவ்வளவு துல்லியம் பாருங்கள்!

புரதச் சங்கிலி மடிந்திருக்கும் விதத்தைப் பார்த்தால் க்யூட்டினேஸின் பங்காளி என்று உடனே தெரியும். செரின் 160, அஸ்பார்ட்டிக் அமிலம் 206, ஹிஸ்டிடின் 237 ஆகிய மூன்று அமினோ அமிலங்களும் (எண்கள் சங்கிலியில் அவற்றின் இடம்) கூடி, பாலியெஸ்டரைக் கோத்து வைத்திருக்கும் எஸ்டர் பிணைப்பை அறுக்கின்றன. ஆனால் வினை நடக்கும் பள்ளம் இதில் அகலம். பெட்டின் பருத்த வளையங்கள் நுழைய வசதியாகத்தான் அகன்றது என்று யாருக்கும் தோன்றும். அதே ஆய்வில் இரண்டு அமினோ அமிலங்களை மாற்றிப் பள்ளத்தைக் குறுக்கினார்கள். நொதி முன்பைவிட நன்றாகவே பெட்டைச் சிதைத்தது! வகுப்பில் இந்த இடத்தில் மட்டும் நான் அவசரப்படுவதே இல்லை.

ஏற்காட்டின் பகோடா பாயிண்ட் பக்கம் கிடக்கும் பாட்டில்களுக்கு இது இப்போதைக்கு உதவாது. பாட்டில் பெட்டில் சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதால் நொதியின் வேலை மிக மெதுவாகவே நடக்கும். அதுவரை மலைக்குப் போகும்போதெல்லாம் சாக்கு எடுத்துப் போய்ப் பொறுக்கி வருகிறோம்.