விடுதி மாடியில் ஒரு கசெற்

பழைய மாணவர் சங்க மலருக்கு ஒரு நினைவு எழுதித் தாருங்கள் என்று கேட்டதும் எனக்கு மைதானமும் பரிசளிப்பு விழாவும் ஞாபகத்துக்கு வரவில்லை. விடுதி மேல்மாடியில், கடைசிக் கட்டிலில் குந்தியிருந்து கேட்ட ஒரு கசெற்தான் வந்தது.

1987ஆக இருக்க வேண்டும். உயர்தரம் படித்த அண்ணா ஒருவருக்கு அவருடைய மாமா வெளிநாட்டிலிருந்து அனுப்பியது. பகலில் பற்றரிகளை வெயிலில் காயவைத்து, இரவுப் படிப்பு முடிந்த பிறகு சத்தத்தைக் குறைத்துப் போடுவார். நாங்கள் நாலு பேர் தலையோடு தலை முட்டக் கேட்போம். முதலில் சிறுவர்கள் பாடுகிற மாதிரி ஒரு கூட்டுப் பாடல். எனக்குப் புல்லரித்துவிட்டது, ஏனென்றால் அது 121ஆம் சங்கீதம், எங்கள் சிற்றாலயத்தில் நாங்களே எத்தனையோ தரம் பாடியது! கசெற்றில் இருந்தது ஒரு ஆங்கிலப் படத்தின் இசை, படத்தின் பெயர் 'த ஃபால்கன் அண்ட் த ஸ்னோமேன்'. ஜோன் ஷ்லெசிங்கர் இயக்கி 1985இல் வந்தது. இசை ஜாஸ் கிற்றார் கலைஞர் பாட் மெத்தீனியும் அவருடைய குழுவில் பியானோ வாசித்த லைல் மேயஸும். நாட்டின் இரகசியங்களைச் சோவியத்துக்கு விற்ற இரண்டு அமெரிக்க இளைஞர்களின் உண்மைக் கதை அது, அதில் ஒருவன் குருமடத்தை விட்டு வந்தவன். அந்தச் சங்கீதம் ஏன் அங்கே வந்தது என்பது பல வருடம் கழித்துப் படத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது.

மெத்தீனி 1954இல் மிசூரியில் பிறந்தவர். தகப்பனும் தமையனும் ட்ரம்பெட் வாசித்தார்கள், இவரும் அதில்தான் தொடங்கி 12 வயதில் கிற்றாருக்கு மாறினார். மயாமி பல்கலைக்கழகத்துக்கு மாணவனாகப் போனவரை அங்கேயே கிற்றார் படிப்பிக்க வைத்துவிட்டார்கள், வயது 18! அப்புறம் பெர்க்லி இசைக் கல்லூரி, ஜாஸ் கலைஞர் கேரி பேர்ட்டனின் குழு, 1976இல் பேஸ் கிற்றார் வாசித்த ஜாக்கோ பஸ்டோரியஸோடு முதல் இசைத்தட்டு. பிறகு மெத்தீனி கிற்றார் சின்தசைசரில் (கிற்றாரைப் போல மீட்டினால் மின்னணு ஒலி வரும் கருவி) வாசித்ததைக் கேட்டால் அந்த ட்ரம்பெட்காரப் பையன் இன்னும் உள்ளே இருக்கிறான் என்றே எனக்குத் தோன்றும், அப்படி மூச்சுப் பிடித்து ஊதுகிற மாதிரி ஒரு ஒலி.

அண்ணாவிடம் இன்னொரு கசெற்றும் இருந்தது. அதில் மெத்தீனியின் குழு வாசித்த 'ஃபர்ஸ்ட் சேர்க்கிள்' கைதட்டலோடு தொடங்கும். நாங்களும் சேர்ந்து தட்டப் பார்ப்போம், ஒவ்வொரு தரமும் எங்கேயோ தவறிவிடும். எங்களோடு மிருதங்கம் பழகிய ஒருவன் இருந்தான். மேல்நாட்டு இசையில் அவனுக்குப் பெரிய விருப்பமில்லை. ஒரு நாள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தான், விரலை மடக்கி மடக்கி இரண்டு தரம் கேட்டான், "ஒரு சுற்றுக்கு 22 எண்ணிக்கைடா. பன்னிரண்டும் பத்தும்" என்று சொல்லிவிட்டுத் தொடையில் பிசகாமல் தட்டிக் காட்டினான். அன்றைக்கு அவன் முகத்தில் இருந்த சந்தோஷம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

மெத்தீனியின் படங்கள் அதிகமில்லை. 1983இல் 'அண்டர் ஃபயர்' படத்துக்கு ஜெரி கோல்ட்ஸ்மித்தின் இசையில் கிற்றார் வாசித்தார், 1999இல் 'எ மேப் ஒஃப் த வேர்ல்ட்' படத்துக்குத் தானே இசையமைத்தார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது என்னவென்றால், மேடையில் விரல் அவ்வளவு வேகமாக ஓடுகிற மனிதர் படத்துக்கு வரும்போது ஒரு சின்ன மெட்டை எடுத்துப் பொறுமையாக, இடைவெளி விட்டு, நடிகரின் முகத்துக்கு இடம் கொடுத்து வாசிப்பார். நான் சொன்ன அந்த 1985 படத்தின் மெட்டு ஒன்றுக்குத்தான் ஆங்கிலப் பாடகர் டேவிட் போவி வரிகள் எழுதிப் பாடினார், 'திஸ் இஸ் நொட் அமெரிக்கா'. பாட்டை உலகம் முழுக்கத் தெரியும், ஆனால் வார்த்தையில்லாமல் அந்த மெட்டு வருகிற இடம்தான் என்னைப் பிடித்து நிறுத்துகிறது. கிராமி விருது 20 வாங்கியிருக்கிறார், சரி, அதெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது.

2020 பெப்ரவரியில் லைல் மேயஸ் காலமானார். செய்தி பார்த்து அந்த மிருதங்கக்காரனுக்குத்தான் முதலில் போன் எடுத்தேன். அவன் இப்போது வேறொரு நாட்டில், அங்கே நள்ளிரவு தாண்டியிருந்தது. கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவன் பக்கத்தில் மேசையில் தட்டுகிற சத்தம் கேட்டது. பன்னிரண்டு, பத்து. நானும் இங்கே தட்டத் தொடங்கினேன்.