மொட்டைப் பெயர்

தோக்கியோவுக்கு வந்த ஏழாம் ஆண்டில் ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் உச்ச நிலையான என்1-ஐத் தேறினேன். மொத்தம் 180க்கு 100 எடுக்க வேண்டும். சான்றிதழ் வந்த அதே வாரத்தில்கூட, அலுவலகத் தொலைபேசி மணி அடித்தால் நான் தேநீர் எடுக்கக் கிளம்பிவிடுவேன். அந்தத் தேர்வில் பேச்சும் இல்லை, எழுத்தும் இல்லை. சரியான விடையின் வட்டத்தைக் கருப்பாக்கினால் போதும்.

இலக்கணத்துக்கு நான் பட்ட பாடு குறைவு. வினைச்சொல் கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். 'தபெதெ மிரு' என்றால் சாப்பிட்டுப் பார். 'கத்தெ ஓகு' என்றால் வாங்கி வை. 'தபெதெ ஷிமாவ்' என்றால் சாப்பிட்டுவிடு. பார், வை, விடு மூன்றும் நம்மைப் போலவே துணைவினையாக வந்து நிற்கின்றன. வகுப்பில் இருந்த ஐரோப்பிய நண்பர்கள் இதற்கு அட்டவணை போட்டு மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். நான் சன்னல் வழியே வேடிக்கை பார்த்தேன். இரு மொழிகளும் உறவு என்று மொழியியலாளர் ஓனோ சுசுமு சொன்னதைப் பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, எனக்கு உதவியது. சீனத்திலிருந்து வந்த 'கான்ஜி' எழுத்துகளில் அந்தச் சலுகை இல்லை. அன்றாடப் பயன்பாட்டுப் பட்டியலில் மட்டும் 2136 எழுத்துகள். அதற்கு ரயில் பயணங்களைக் கொடுத்தேன், வேறு வழியில்லை.

தொலைபேசிக்கு வருகிறேன். ஒருநாள் தப்ப முடியாமல் எடுத்துவிட்டேன். வாடிக்கையாளர் எங்கள் பிரிவுத் தலைவரைக் கேட்டார். தலைவர் பெயரோடு 'சான்' என்ற மரியாதை ஒட்டைச் சேர்த்து, வினையிலும் இருக்கிற மரியாதையை எல்லாம் கொட்டி, "அவர்கள் இப்போது இல்லை" என்றேன். பக்கத்து மேசைக்காரர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டார்.

வெளியாரிடம் பேசும்போது நம் நிறுவனத்தவர் யாராக இருந்தாலும், தலைவரே ஆனாலும், 'நாம்'. நம்மை நாமே உயர்த்திக்கொள்ளலாமா? குடும்பப் பெயரை மொட்டையாகச் சொல்லி, பணிவு வினை போட்டு, "இருக்கையை விட்டு எழுந்து போயிருக்கிறார்" என்று முடிக்க வேண்டும். ஆனால் அழைப்பவர் அந்தத் தலைவரின் மனைவி என்றால் மரியாதை மறுபடி ஏறிக்கொள்ளும், ஏனென்றால் அவருக்கு முன்னால் தலைவர் அவர் வீட்டு ஆள். ஒரே மனிதர், ஒரே நாற்காலி. அழைப்பது யார் என்பதைப் பொறுத்து வினை மாறுகிறது. தமிழில் யாரிடம் பேசினாலும் ஆசிரியர் 'வந்தார்'தான். துணைவினையில் கைகொடுத்த தாய்மொழி இந்த இடத்தில் காலை வாரிவிட்டது.

'கெந்தோ ஷிமாசு', அதாவது 'பரிசீலிக்கிறோம்' என்ற பதிலை நம்பி, மூன்று வாரம் ஒரு விலைப்புள்ளிக்காகக் காத்திருந்த கதையும் உண்டு. சக ஊழியர்கள் அதை முதல் நாளே மறுப்பு என்று புரிந்துகொண்டிருந்தார்கள். என்னிடம் சொல்லவில்லை, எனக்கும் தெரியும் என்று நினைத்தார்களாம், என்1 தேறியவன் ஆயிற்றே.

இப்போது மணி அடித்தால் முதலில் கை நீட்டுவது நான்தான். தலைவர் பெயரைத் தயங்காமல் மொட்டையாகச் சொல்கிறேன். அவர் மூன்றடி தள்ளி உட்கார்ந்திருக்கும் நாட்களில் மட்டும், குரல் தானாகவே கொஞ்சம் தாழ்ந்துவிடுகிறது.