ஃபிராஸ்காத்தியில் வாழ்ந்த ராஜா வீட்டுக் கர்தினால்

நேற்று இரவுதான் ரோமுக்குத் திரும்பினேன், கோபம் இன்னும் ஆறவில்லை. மலைமேல் இருக்கும் ரோக்கா தி பாப்பாவிலிருந்து கீழே ஃபிராஸ்காத்திக்கு வர வேண்டும். தூரம் பத்து கிலோமீட்டர்கூட கிடையாது. அட்டவணையில் போட்டிருந்த பஸ் வரவில்லை, அதற்கடுத்த பஸ்ஸும் வரவில்லை. இருட்டத் தொடங்கியதும் ஒரு கார்க்காரர் வந்து நிறுத்தினார். நாற்பது யூரோ, இஷ்டமிருந்தால் ஏறு என்றார். நம் பணத்தில் கிட்டத்தட்ட நாலாயிரம் ரூபாய்! ரோமிலிருந்து ஃபிராஸ்காத்திக்கு ரயிலில் வர எனக்கு ஆனது இரண்டு யூரோ சொச்சம். எவ்வளவோ பேரம் பேசியும் மனிதர் ஒரு யூரோகூட இறங்கவில்லை. வேறு வழியில்லாமல் நிற்கிற வெளியூர்க்காரரிடம் இப்படிப் பறிப்பது அநியாயம், வேறென்ன சொல்ல?

பணம் போனது போகட்டும். அந்த மலைக்குப் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. நான் தேடிப் போனது ஹென்றி பெனடிக்ட் ஸ்டூவர்ட் என்ற மனிதரை. கத்தோலிக்கத் திருச்சபையின் கர்தினால், அதாவது போப்புக்கு அடுத்த நிலையில் இருக்கும் குரு; அதே நேரத்தில் பிரிட்டிஷ் அரியணைக்கு உரிமை கொண்டாடிய, ஸ்டூவர்ட் அரச வம்சத்தின் கடைசி ஆள். இவருடைய அண்ணன் சார்லஸ் எட்வர்டைப் பலருக்குத் தெரியும். 1745இல் ஸ்காட்லாந்தில் போய் இறங்கிப் படை திரட்டி, அடுத்த ஆண்டே கல்லோடன் போர்க்களத்தில் தோற்றுப்போன இளவரசர் அவர்தான். எல்லாரும் அண்ணனைப் பற்றித்தான் பேசுகிறார்கள். தம்பியின் வாழ்க்கைதான் பெரிய வாழ்க்கை என்று எனக்குத் தோன்றுகிறது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இவர்களுடைய தாத்தா இரண்டாம் ஜேம்ஸ் இங்கிலாந்தின் ராஜா. கத்தோலிக்கர் என்பதால் வந்த பகையில் 1688இல் அரியணையை இழந்து பிரான்சுக்கு ஓடினார். அவர் மகனுக்கு, அதாவது ஹென்றியின் அப்பாவுக்கு, கடைசியில் அடைக்கலம் கொடுத்தது ரோம். திருத்தந்தை (போப்) கொடுத்த முத்தி மாளிகையில்தான் 1725 மார்ச்சில் ஹென்றி பிறந்தார். திருத்தந்தை பதின்மூன்றாம் பெனடிக்டே திருமுழுக்குக் கொடுத்தார். தாய் கிளமென்தினா, வியன்னாவைத் துருக்கியர் முற்றுகையிலிருந்து மீட்ட போலந்து மன்னர் சோபியெஸ்கியின் பேத்தி. அந்த மாளிகை சாந்தி அப்போஸ்தோலி சதுக்கத்தில் இன்றும் நிற்கிறது. வெளியே நின்று பார்க்கக் காசு கிடையாது, ரோமில் இப்படிப்பட்ட இடங்களை நான் தேடித்தேடிக் குறித்து வைத்துக்கொள்கிறேன்.

கல்லோடனுக்கு அடுத்த ஆண்டு, 1747 ஜூலையில், பதினான்காம் பெனடிக்ட் இவரைக் கர்தினாலாக்கினார். வயது 22. இன்னும் குருப்பட்டம்கூட வாங்கவில்லை, அது மறு ஆண்டுதான். பாரிசில் இருந்த அண்ணனுக்குச் செய்தி இடிபோல் இறங்கியது. புராட்டஸ்டன்ட் நாடான இங்கிலாந்தில், தம்பி கர்தினாலாக இருக்கும் ஒருவரை ராஜாவாக யார் ஏற்பார்கள்? அந்தக் குடும்பத்தின் எஞ்சிய நம்பிக்கையையும் ஹென்றி குழிதோண்டிப் புதைத்துவிட்டார் என்று ஆதரவாளர்களே திட்டினார்கள். நான் அதை ஏற்கவில்லை. போர் தோற்றாயிற்று, ஆயிரக்கணக்கானோர் செத்தாயிற்று. இன்னொரு படையெடுப்புக்குக் காத்திருந்து அண்ணனைப் போல் குடியில் அழிவதைவிட, பிடித்த வேலையைத் தேடிக்கொண்டது எவ்வளவோ மேல்.

சரி, ஃபிராஸ்காத்திக்கு வருவோம். ரோம் தெர்மினி நிலையத்திலிருந்து ரயிலில் ஏறினால் அரை மணி நேரம், கொஞ்சம் கூடலாம். திருத்தந்தையர் ஆண்ட நாட்டில் 1856இல் போட்ட முதல் ரயில் பாதையே இதுதான். நிலையத்திலிருந்து படிக்கட்டில் ஏறினால் ஊருக்குள் வந்துவிடலாம், டாக்சி வேண்டவே வேண்டாம். மேலே வந்து திரும்பிப் பார்த்தால் கீழே ரோம் சமவெளி முழுவதும் விரிந்து கிடக்கிறது.

சாப்பாட்டைச் சொல்லாமல் போக முடியாது. இந்தப் பக்கத்து மலையூர்களில் போர்க்கெத்தா என்று ஒன்று கிடைக்கிறது. முழுப் பன்றியை எலும்பு நீக்கி, உள்ளே பூண்டு, மிளகு, ரோஸ்மேரி எல்லாம் திணித்துச் சுருட்டி, தோல் மொறுமொறுவென்று ஆகும்வரை சுடுகிறார்கள். சூடாக வெட்டி ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்ததை அங்கேயே நின்றபடி தின்றேன். அந்தத் தோல் நொறுங்கிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது! ஐந்து யூரோவில் மதியச் சாப்பாடு முடிந்தது, இரவு வரை பசிக்கவில்லை. ரோமில் ஒரு சுற்றுலாத் தெருவில் காய்ந்துபோன பாஸ்தாவுக்கு இதைப்போல மூன்று மடங்கு அழுதேன். ஃபிராஸ்கெத்தா என்ற பழைய ஒயின் கடைகளில், வெளியில் வாங்கிய சாப்பாட்டைக் கொண்டுபோய் உட்கார்ந்து, ஒயினை மட்டும் அங்கே வாங்கிக்கொள்வது பழைய வழக்கம். ஊர்ப் பெயரையே கொண்ட வெள்ளை ஒயின் அது. கையில் காசு குறைவாக வைத்திருப்பவர்கள் தங்களுக்கென்றே கட்டிய ஊர் என்று நினைத்துக்கொள்ளலாம்.

பேராலயத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள். இத்தாலியின் சிறிய ஊர்களில் மதியம் கோயில் கதவைச் சாத்திவிட்டு மாலையில்தான் திறப்பார்கள். 1761இல் ஹென்றி ஃபிராஸ்காத்தியின் ஆயர் (பிஷப்) ஆனார். 1788 ஜனவரியில் அண்ணன் ரோமில் இறந்தபோது உடலை இங்கே கொண்டுவந்து தாமே அடக்கத் திருப்பலி நிறைவேற்றினார். எத்தனையோ ஆண்டுகள் முகம் பார்க்காமல் இருந்த அண்ணன் அவர். உடல் பிற்பாடு புனித பேதுரு பேராலயத்துக்குப் போய்விட்டது, இதயம் மட்டும் இங்கேயே இருக்கிறது. அந்த நினைவுக்கல்லின் முன் ரொம்ப நேரம் நின்றேன். எல்லா மனத்தாங்கலையும் மறந்து அண்ணனை ராஜாவாகவே அடக்கம் செய்த தம்பியை நினைக்க நினைக்கக் கண் கலங்கியது.

அண்ணனுக்குப் பின் உரிமை தம்பிக்கு வந்தது. ஒன்பதாம் ஹென்றி என்று பதக்கமும் அடித்தார். அதில் ‘மனிதர் விருப்பத்தால் அல்ல, கடவுள் சித்தத்தால்’ என்று லத்தீனில் பொறித்திருந்தார். படை எதுவும் திரட்டவில்லை.

ஃபிராஸ்காத்தியிலேயே ஆயர் இல்லமான ரோக்கா என்ற பழைய கோட்டையை வெளியிலிருந்து பார்த்தேன். இங்கே இருந்துகொண்டுதான் குருமடத்தைச் சீர்படுத்தினார், நல்ல நூலகம் ஒன்றைச் சேர்த்தார். 1943 செப்டம்பர் 8ஆம் தேதி நடந்த குண்டுவீச்சில் இந்த ஊரில் பெரும்பகுதி நாசமானது, அதனால் அவர் காலத்து ஃபிராஸ்காத்தியை ஊகித்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

அவரிடம் எனக்குப் பிடிக்காத ஒன்றும் உண்டு, அதைப் பார்க்கத்தான் மலை ஏறினேன். ரோக்கா தி பாப்பாவுக்கு மேலே 949 மீட்டர் உயரத்தில் மோன்தே காவோ. பழங்கால ரோமர்கள் யூப்பிதர் லாத்தியாரிஸ் என்ற தெய்வத்தை வணங்கிய புனித மலை. அந்தக் கோயிலின் எஞ்சிய கற்களை 1783இல் எடுத்துப் பாடுகளின் சபைத் துறவியருக்கு மடம் கட்டினார்கள், அதில் ஹென்றிக்குப் பங்கு உண்டு. எந்தச் சமயத்துக்காக என்றாலும் அது தவறு. மேலே போகும் பழைய கற்பாதை மட்டும் மரங்களுக்கு நடுவே இன்னும் அப்படியே கிடக்கிறது. அதில் நடப்பதற்காகவே இன்னொரு முறை நாற்பது யூரோ கொடுப்பேன்.

பிரெஞ்சுப் புரட்சி வந்ததும் அவருடைய பிரான்சு வருமானம் எல்லாம் போனது. நெப்போலியன் திருத்தந்தையிடம் கறந்த பணத்துக்காகக் குடும்ப நகைகளை விற்றுக் கொடுத்தார். 1798இல் பிரெஞ்சுப் படை ரோமைப் பிடித்ததும் எழுபதைத் தாண்டிய வயதில் நேப்பிள்ஸ், மெஸ்ஸீனா, கோர்ஃபு என்று ஓடி, வெனிஸ் சேர்ந்தபோது கையில் ஒன்றும் இல்லை. நிலைமையை இன்னொரு கர்தினால் இங்கிலாந்துக்கு எழுதினார். ஹென்றி யாருடைய அரியணைக்கு உரிமை கொண்டாடினாரோ, அதே மூன்றாம் ஜார்ஜ் ஆண்டுக்கு 4,000 பவுண்டு அனுப்பினார். ஜார்ஜின் நல்ல மனத்தை மறுக்கவில்லை. ஆனால் ஹென்றியின் பாட்டிக்குச் சட்டப்படி வந்திருக்க வேண்டிய பணத்தை இங்கிலாந்து கொடுக்கவே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த வெனிஸிலேயே 1800இல் ஏழாம் பயஸைத் திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்பில் கலந்துகொண்டார். பிறகு ஃபிராஸ்காத்திக்குத் திரும்பி, 1807 ஜூலை 13 அன்று 82 வயதில் அங்கேயே இறந்தார். கர்தினாலாகி அறுபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

புனித பேதுரு பேராலயத்துக்குள் நுழைந்ததும் கூட்டம் வலப்பக்கம் மைக்கலாஞ்சலோ செதுக்கிய பியெத்தா சிலைக்கு ஓடும். நீங்கள் முதலில் இடப்பக்கம் போங்கள். கனோவா செதுக்கி 1819இல் முடித்த வெள்ளைச் சலவைக்கல் நினைவுச் சின்னத்தில் அப்பா, அண்ணன், தம்பி மூவர் முகமும் இருக்கும், கீழே மூடிய கதவின் இருபுறமும் தலை குனிந்த வானதூதர்கள். இதற்கும் இங்கிலாந்து அரச குடும்பம் பணம் கொடுத்தது. எதிரிலேயே தாய் கிளமென்தினாவின் நினைவுச் சின்னம். உள்ளே போக டிக்கெட் இல்லை, கோபுரத்தில் ஏறினால்தான் காசு. பாதுகாப்பு வரிசை நீளம் என்பதால் காலை ஏழு மணிக்கே போய் நின்றுவிடுங்கள்.