யாருக்காக?

அலுவலகக் கணினியில் விளம்பரங்கள் வராமல் தடுக்கும் நிரல் ஒன்றைப் போட அனுமதி கேட்டுப் போனேன். "யாருக்காக?" என்று கேட்டார் உரிமையாளர். நான் பெயரைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அந்தப் பெண்ணுக்கு வலிப்பு இருக்கிறது சார்" என்றும் சேர்த்தேன். அறையில் நாங்கள் இருவர் மட்டும் இல்லை, கணக்கரும் இருந்தார்.

அதற்கு மூன்று நாள் முன்பு, சாப்பாட்டு இடைவேளையில், டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வந்தவள் என் மேஜையருகே நின்றாள். "அண்ணா, அந்தச் சிவப்பு விளம்பரம் மட்டும் வராமல் செய்ய முடியுமா?" கண் எரிகிறதா என்று கேட்டேன். சுற்றிலும் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். சின்ன வயதிலிருந்து வலிப்பு, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் மாத்திரை, விட்டுவிட்டு மின்னும் வெளிச்சம் ஆகாது. "வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் அண்ணா. இங்கே யாருக்கும் தெரிய வேண்டாம்." சரிம்மா என்றேன். அந்தச் 'சரிம்மா'வை நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது.

அவள் வேலை செய்யும்போது ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொள்வதை முன்பே பார்த்திருக்கிறேன். காட்பாடி வெயிலில் கே.வி.குப்பத்திலிருந்து பஸ்ஸில் வந்த அசதி என்று நினைத்து, "தூக்கமா?" என்று கேலியும் செய்திருக்கிறேன். ஒரு கண்ணை மூடினால் ஆபத்து குறையும் என்று மருத்துவர்கள் சொல்லித்தருவது வழக்கம் என்பது பிறகுதான் தெரிந்தது. இரண்டு கண்களையும் இறுக மூடுவது போதாது, இமை வழியாகவும் வெளிச்சம் உள்ளே போகும்.

அன்றிரவு உட்கார்ந்து படித்தேன். ஒரு நொடியில் மூன்று முறைக்கு மேல் எதுவும் மின்னக்கூடாது என்று இணையப் பக்கங்களுக்கான உலக அளவிலான வழிகாட்டி 2008 முதல் சொல்கிறது. ஆழ்ந்த சிவப்புக்குத் தனி எச்சரிக்கை. 1997 டிசம்பரில் ஜப்பானில் போகிமான் கார்ட்டூனின் ஒரு காட்சியில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னியதில் அறுநூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மருத்துவமனைக்குப் போனார்கள். மறுநாள் அந்த விளம்பரத்தைக் கடிகாரம் வைத்து எண்ணினேன். பத்து நொடியில் நாற்பது. 'இன்றே கடைசி' என்று ஒரு செருப்புச் சலுகை, அதற்கு இத்தனை அவசரம். ஆனால் வழிகாட்டி மின்னும் பரப்பையும் கணக்கில் எடுக்கிறது. ஓரத்தில் கிடந்த அந்தச் சின்னப் பெட்டி ஒருவேளை அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்ளேயே இருந்திருக்கலாம். யாரையோ விடுவிக்க இதைச் சொல்கிறேன். செருப்புக் கம்பெனியையா, என்னையா என்று தெரியவில்லை.

விளம்பரத் தடுப்பானை நிறுவ உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும். அது எங்கள் அலுவலக விதி. கடவுச்சொல் என்னிடம் இருந்தாலும் கையெழுத்து அவருடையது. அதனால்தான் போனேன். காரணம் கேட்டால் சொல்லாமல் எப்படி இருப்பது? எல்லோருக்கும் கண் வலிக்கிறது, பக்கம் மெதுவாகத் திறக்கிறது என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். இரண்டுமே உண்மைதான். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது இப்படிப்பட்ட பதில்கள் வரிசையாக வருகின்றன. அறைக்குள் ஒன்றும் வரவில்லை.

அவர் கெட்டவர் இல்லை என்பதுதான் இதில் பெரிய தொல்லை. "ஒரு கம்ப்யூட்டருக்கு எதற்கு? எல்லாவற்றிலும் போடு" என்றார். அன்று மாலையே யூபிளாக் ஆரிஜின் என்ற தடுப்பானை எல்லாக் கணினிகளிலும் போட்டேன். அடுத்த வாரம் அவளைத் திரையே இல்லாத கோப்புப் பிரிவுக்கு மாற்றினார். "நம் பெண்ணுக்கு ஒன்று ஆகிவிட்டால்?" என்றார். தட்டச்சில் வரிக்கு இவ்வளவு என்று மேல்வருமானம் உண்டு, கோப்பில் அது கிடையாது. கணக்கரின் மனைவிக்குக் குடியாத்தம் பக்கம்தான் பிறந்த வீடு. அவர் வெளியே சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் பயம். 1999 வரை வலிப்பும் இந்துத் திருமணச் சட்டத்தில் ஒரு தடையாக இருந்தது, பிறகு நீக்கிவிட்டார்கள். ஜாதகத்தோடு வருகிறவர்களிடம் போய் அதை யார் சொல்வது?

அவள் என்னிடம் கோபப்படவில்லை. "நல்லது நினைத்துத்தானே அண்ணா சொன்னீர்கள்" என்றாள். இரண்டு மாதம் கழித்து வேலையை விட்டாள். காரணம் சொல்லவில்லை. வேறு நல்ல இடம் கிடைத்திருக்கலாம், திருமணமே கூடியிருக்கலாம். நான் ஏன் மோசமானதையே நினைக்கிறேன்?

மற்றவர்களுக்கு ஒரே மகிழ்ச்சி. பக்கங்கள் சட்டென்று திறக்கின்றன என்று எனக்கு டீ வாங்கித் தருகிறார்கள்.

ஒன்றை இதுவரை சொல்லாமல் விட்டேன். அந்தச் செருப்பு விளம்பரப் படத்தை வலது சொடுக்கில் தனியாகத் திறந்து பார்த்தபோது அது ஜிஃப் கோப்பு, அதாவது அசையும் படம், என்று தெரிந்தது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் முகவரிப் பட்டையில் அபௌட் கான்ஃபிக் என்று அடித்து, அனிமேஷன் மோட் என்ற வரியில் 'நார்மல்' என்பதை 'நன்' என்று மாற்றினால் ஜிஃப் அசையாமல் நின்றுவிடும். எதையும் நிறுவ வேண்டியதில்லை, கையெழுத்தும் வேண்டாம், அவள் கணினியில் மட்டும் ஒரு நிமிட வேலை. வீடியோவாக வரும் விளம்பரங்களை அது நிறுத்தாது என்பதால்தான் விட்டேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சரியான காரணம்தான். ஆனால் அவள் கேட்டது அந்த ஒரு விளம்பரத்தை மட்டும்.

அந்த வழி எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் உரிமையாளர் அறைக்குப் போனேன். கதவைத் தட்டும்போது என் முகத்தில் கொஞ்சம் பெருமை இருந்திருக்க வேண்டும்.