சர்வேக்குப் போன வீடுகள்

சென்னை மாதவரத்தில் கிடங்கு வைத்திருந்த ஒரு பேக்கர்ஸ் அண்டு மூவர்ஸ் நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகள் சர்வே பார்க்கும் பணியில் இருந்தேன். வெளியூருக்கு வீடு மாற்றுகிறவர்களின் இல்லத்துக்குச் சென்று, அறை அறையாகப் பார்த்து, எத்தனை கன அடிச் சாமான் தேறும், எந்த அளவு லாரி வேண்டும், எதை மரச்சட்டத்துக்குள் வைத்து அடைக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டு வந்து விலை சொல்வதே அந்தப் பணி. மாற்றலாகி டெல்லிக்கும் புனேவுக்கும் செல்லும் வங்கி அலுவலர்களும் மத்திய அரசு ஊழியர்களுமே அதிகம் அழைத்தார்கள். ஏறக்குறைய எல்லோரும் முதலில் கேட்டது எவ்வளவு ஆகும் என்பதைத்தான். தங்கள் சாமான் வழியில் எத்தனை முறை வண்டி மாறும், ஒவ்வொரு முறையும் யார் பொறுப்பில் இருக்கும் என்று கேட்டவர்கள் மிகச் சிலரே. ஒரு நிறுவனத்தை நம்பலாமா என்பதை அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சென்னையிலிருந்து டெல்லி ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர். இரண்டு படுக்கையறை வீட்டின் சாமான் பெரும்பாலும் ஒரு 14 அடி லாரியில், அதாவது சுமார் 500 கன அடியில், அடங்கிவிடும். அந்த லாரியை ஒரே குடும்பத்துக்காக அத்தனை தூரம் அனுப்பினால் செலவு கூடும் என்பதால், பல வீடுகளின் சாமானைப் பெரிய லாரியில் சேர்த்து அனுப்பும் பார்ட் லோடு முறை நடைமுறையில் இருக்கிறது. அதில் தவறேதும் இல்லை. சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். அந்த முறையில் சாமான் வீட்டு வாசலில் குட்டி யானையில் ஏறி, கிடங்கில் இறங்கி, பெரிய லாரியில் ஏறி, சில வேளை நாக்பூரில் மீண்டும் இறங்கி வேறொரு லாரியில் ஏறி, டெல்லிக்குள் பகல் நேரத்தில் பெரிய லாரிகளுக்குக் கட்டுப்பாடு உள்ளதால் நகர எல்லையில் இன்னொரு சிறு வண்டிக்கு மாறி வீடு சேரும். நான் பார்த்த சேதங்களில் பெரும்பாலானவை லாரி ஓடும்போது நேர்ந்தவை அல்ல. இப்படி இறக்கி ஏற்றிய இடங்களில் நேர்ந்தவை. பெட்டிகள் காணாமல் போனதும் அங்கேதான்.

இதை எனக்குப் புரியவைத்தது மயிலாப்பூரில் ஒரு வீடு. மூன்று தலைமுறையாக வைத்திருந்த தஞ்சாவூர் ஓவியம் ஒன்றைக் காட்டி, இது பத்திரமாகப் போய்ச் சேருமா என்று அந்த வீட்டு அம்மா கேட்டார். ஒரே லாரி, இடையில் எங்கும் இறக்க மாட்டோம் என்றேன். அலுவலகம் எனக்கு அப்படித்தான் சொல்லியிருந்தது. நாக்பூரில் வண்டி மாறியது. ஓவியத்தின் கண்ணாடி உடைந்து, சில்லுகள் தங்க ரேக்கைக் கீறியிருந்தன. அவர் தொலைபேசியில் கோபப்படவில்லை. "நீங்க நேர்ல வந்து பாத்துட்டுத்தானே சார் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு நான் கொடுத்த ஒவ்வொரு விலைப்பட்டியலிலும், இடையில் வண்டி மாற்றம் உண்டா இல்லையா என்று ஒரு வரியை என் கையாலேயே எழுதிச் சேர்த்தேன். நிர்வாகத்துக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் நிறுத்தவில்லை.

வீட்டைப் பார்க்காமலே தொலைபேசியில் மிகக் குறைந்த விலை சொல்பவர்களிடம் அந்த ஒரு வரியைக்கூட எதிர்பார்க்க முடியாது. அவர்களில் பலர் முன்பணம் வாங்கிக்கொண்டு சாமானை வேறொரு லாரிக்காரரிடம் ஒப்படைக்கும் தரகர்கள். பாதி வழியில், கன அடி கூடிவிட்டது என்றும் சோதனைச்சாவடியில் வரி கேட்கிறார்கள் என்றும் சொல்லிக் கூடுதல் பணம் வரும்வரை சாமானைப் பிடித்து வைத்த நிகழ்வுகளை, முதலில் எங்களை மறுத்துவிட்டுப் பின்னர் உதவி கேட்டு அழைத்தவர்களிடமிருந்தே அறிந்தேன். பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு ஜிஎஸ்டி விதிகளின்படி இ-வே பில், அதாவது சரக்கோடு செல்ல வேண்டிய மின்னணுச் சீட்டு, தேவையில்லை என்பது தெரிந்திருந்தால், அந்த வரிப் பேச்சை அங்கேயே மறுத்திருக்கலாம். பெரிய நிறுவனங்களின் பெயரை ஓரெழுத்து மாற்றி வைத்துக்கொள்பவர்களும் உண்டு. பில்லில் உள்ள 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணை அரசுத் தளத்தில் இட்டுப் பார்த்தால் அது யார் பெயரில் பதிவாகியுள்ளது என்று தெரிந்துவிடும். தமிழ்நாட்டுப் பதிவு 33 என்று தொடங்கும்.

சர்வேக்கு வருபவர் கேட்கும் கேள்விகளையும் கவனிக்க வேண்டும். முன்புறம் திறக்கும் வாஷிங் மெஷினைக் கண்டதும், டிரம்மை அசையாமல் பிடிக்கும் போல்ட்டுகளை எடுத்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்பவருக்கும், கேஸ் சிலிண்டரை ஏற்ற மாட்டோம், ஏஜென்சியில் ஒப்படைத்துவிடுங்கள் என்று முதலிலேயே சொல்பவருக்கும் தொழில் தெரியும்.

காப்பீட்டில்தான் மக்கள் அதிகம் ஏமாந்தார்கள். சாமான் மதிப்பில் இத்தனை சதவீதம் இன்சூரன்ஸ் என்று பில்லில் இருந்தாலே பாலிசி எடுத்துவிட்டதாகப் பொருளில்லை. காப்பீட்டு நிறுவனம் உங்கள் பெயருக்குத் தந்த சான்றிதழை லாரி புறப்படும் முன் கையில் வாங்க வேண்டும். இன்சூரன்ஸுக்குக் கட்டும் தொகையைக் குறைக்க, பழைய சாமான்தானே என்று படிவத்தில் மிகக் குறைந்த மதிப்பை எழுதியவர்களைக் கண்டு வருந்தியிருக்கிறேன். 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழான விதிகளின்படி, இழப்புக்கு நிறுவனம் ஏற்க வேண்டிய பொறுப்பு பொதுவாகச் சரக்குக் கட்டணத்தின் பத்து மடங்குக்குள் அடங்கும். அதுவும் உரிமையாளர் எழுதிக்கொடுத்த மதிப்பைத் தாண்டாது. இழப்பைப் பற்றி எழுத்து மூலம் அறிவிக்க 180 நாள் அவகாசம் உண்டு. அது புக்கிங் நாளிலிருந்து கணக்கிடப்படுகிறது, சாமான் வந்து சேர்ந்த நாளிலிருந்து அல்ல.

சாமான் வந்து சேரும் வேளையில் எல்லோரும் களைத்திருப்பார்கள். லோடுமேன்கள் அடுத்த வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருப்பார்கள்; எல்லாம் நல்ல நிலையில் கிடைத்தது என்று அச்சிட்ட தாளை நீட்டுவார்கள். மயிலாப்பூர் அம்மா டெல்லியில் அந்தத் தாளில் உடனே கையெழுத்திடவில்லை. 74 உருப்படிகளையும் பட்டியலோடு எண் பார்த்து முடித்த பிறகு, "எண் 31, கண்ணாடி உடைந்திருக்கிறது, படத்தில் கீறல்" என்று எழுதி, லாரி ஓட்டுநரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டார். எங்கள் அலுவலகம் முதலில் மறுத்து, இரண்டு மாதம் இழுத்தடித்து, கடைசியில் இழப்பீடு கொடுத்தது அந்த ஒரு வரி இருந்ததால்தான்.