செத்த எலியைத் தேடப்போய்...

சித்திரை மழைக்குப் பிறகு கோடிப்பக்கம் ஒரே நாத்தம், எலி செத்துக் கிடக்கெண்டு நானும் விளக்குமாத்தோட தேடுறன், கடைசியில பாத்தா 2012ல புதுக்குடியிருப்புக்குத் திரும்பி வந்தநேரம் அம்மம்மா நட்ட கருணைக்கிழங்கு பூத்து நிக்குது! ஒரு இலை இல்ல, நிலத்தோட ஒட்டி ஊதாக் கலர்ல சுருங்கின பாவாடை மாதிரி, நடுவில மூளை மாதிரி ஒரு முண்டு, சுத்திவர இலையான். அழுகின இறைச்சி மணத்தைக் காட்டித்தான் வண்டைக் கூப்பிடுமாம். சுமாத்ராவில ஆளைவிட உயரமாப் பூக்கிறதும் இந்தச் சாதிதான்.

"வெட்டிப்போடாத, பூ வாடினாப்பிறகுதான் இலை வரும்" எண்டிட்டா அம்மம்மா. சரி, கிழங்குக்காகப் பொறுப்பம், ஆனா புளி விட்டு வடிவா அவிக்கோணும், போன வருசம் அவசரப்பட்டுத் திண்டு தொண்டை அரிச்சது எனக்கெல்லோ தெரியும்.