ஆற்றுப்படுத்தலுக்குள் இருக்கும் ஆறு

உளவளத்துணை, அதாவது கவுன்சிலிங், அதை எங்கள் பக்கம் ஆற்றுப்படுத்தல் என்றும் சொல்வோம். அந்தப் பயிற்சிக்குப் போய்வரும் என் மருமகள் போன கிழமை தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே கேட்டாள், "மாமா, ஆற்றுப்படுத்தல் என்டா இப்படித்தானே, மனசில இருக்கிற சூட்டை ஆத்துறது?" நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2004 சுனாமிக்குப் பிறகு களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு முகாமில்தான் அந்தச் சொல்லை முதன்முதலில் கேட்டேன், அந்த நேரம் காதில் விழுந்தது ஆறுதல்தான்.

ஆனால் சொல் அங்கிருந்து வரவில்லை. இதில் இருப்பது ஆறு, அதாவது வழி. வயிறு வயிற்றுவலியில் 'வயிற்று' என்று ஆவதுபோல ஆறும் 'ஆற்று' ஆகிறது. படுத்தல் என்றால் செலுத்துதல். வழியில் செலுத்துவதுதான் ஆற்றுப்படுத்தல். ஆறு என்றதும் நமக்குத் தண்ணீர்தான் ஞாபகம் வரும், ஆனாலும் 'அவ்வாறு', 'இவ்வாறு', 'சொன்னவாறு' என்று தினமும் எழுதுகிறோமே, அதற்குள் எல்லாம் இருப்பது இந்தப் பழைய வழிதான். வழிப்பறிக்காரரைச் சங்கப் பாட்டு ஆறலை கள்வர் என்கிறது.

பத்துப்பாட்டில் சரிபாதி, ஐந்து பாட்டுகள், ஆற்றுப்படைதான். அவற்றில் பெரும்பாலும், வள்ளல் ஒருவனிடம் பரிசு வாங்கித் திரும்புகிற பாணனோ கூத்தனோ, எதிரே பசியோடு வருகிறவனை மறித்து, இன்ன வழியால் போ, இன்னாரைப் பார் என்று சொல்லி அனுப்புகிறான். எனக்கு மிகவும் பிடித்தது மலைபடுகடாம், அதற்குக் கூத்தராற்றுப்படை என்றும் பெயர். 583 அடி. காட்டுப்பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், தினைப்புனக் காவல்காரர் எறியும் கவண்கல்லுக்கு எப்படி ஒதுங்குவது என்பதுவரை அதில் வருகிறது. நடந்து பார்த்தவன் வாயில் இருந்துதான் அப்படிச் சொல் வரும்.

இதை நான் கண்ணால் கண்டது இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கும் உகந்தை முருகன் கோயிலில். கதிர்காமப் பாதயாத்திரைக்கு முதல் தடவை போன வருடம், காட்டுக்குள் இறங்குவதற்கு முதல்நாள் பின்னேரம், கோயில் முன்மணலில் வயதான ஐயா ஒருவர் குந்தியிருந்து கம்பால் கோடு கீறினார். குமண, அங்கால கும்புக்கன் ஆறு, அதுக்கங்கால யால. ஒவ்வொரு இடத்திலும் ஒரு கல்லை வைத்துவிட்டு நிமிர்ந்து எங்கள் முகத்தைப் பார்ப்பார், விளங்கியதா என்று. அவருடைய குதிக்கால் பாளம் பாளமாக வெடித்திருந்தது. "மனே, ஆத்தைக் கடந்தா மணல் சுடும், விடியமுந்தி நடந்திடுங்க. மறுகா தண்ணியைக் கண்ட இடத்தில நிரப்பிக்கங்க, முன்னுக்கு இருக்கும் என்டு நம்பிப் போகாதீங்க."

மருமகளுக்கு இவ்வளவையும் சொன்னேன். கொப்பியைத் திறந்து 'ஆறு' என்று எழுதிவிட்டு, "அந்த ஐயா எத்தனை தரம் நடந்திருப்பார் மாமா?" என்று கேட்டாள்.

நான் அவரிடம் கேட்டிருக்கவில்லை.